சுவிட்ச் யாரை எப்படி ஞாபகம் வைக்கிறது?
(லேப் நின்ற கதையும் ஒரு பாடமும்)



போன மாதம் நம்ம கம்ப்யூட்டர் லேப் ஒரு நாள் முழுக்க நின்று போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். செய்முறை மாதிரித் தேர்வு நடக்க வேண்டிய நாள். 20 கணினியும் ஓடுது, ஆனா ஒன்றோடு ஒன்று பேசல. பிரிண்ட் போகல. சார் கணினியில் இருந்த வினாத்தாளை யாராலும் திறக்க முடியல. "வைரஸ்தான்" என்று யாரோ சொன்னார்கள். உடனே, முந்தின நாள் பென் டிரைவ் போட்ட எட்டாம் வகுப்புத் தம்பி மேல பழி விழுந்தது. பென் டிரைவைப் பிடுங்கி, அவனை லேப் வாசலில் நிற்க வைத்தாச்சு. பாவம், அன்னைக்கு மதியம் அவன் சாப்பிடவே இல்லையாம்.

உண்மையில் வைரஸ் எதுவும் இல்லை. காரணம் ஒரே ஒரு கேபிள். அதைச் செருகியவன் நான்தான். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "கேட்டா மட்டும் போதாது. ஏன் அப்படி ஆச்சுன்னு புரிஞ்சுக்கிட்டு சுவர் இதழ்ல எழுது, நாலு பேர் தெரிஞ்சுக்கட்டும்" என்று கம்ப்யூட்டர் சார் சொன்னார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

■ எந்த சுவிட்ச்?

லைட் போடும் சுவிட்ச் இல்லீங்க. லேப் மூலையில், கேபிள் எல்லாம் வந்து சேருதே, பச்சை விளக்கு மினுக் மினுக்னு எரியுதே, அந்தத் தட்டையான பெட்டி. அதன் பெயர் ஈதர்நெட் சுவிட்ச். நம்மிடம் இருப்பதில் 24 துளைகள் இருக்கு. ஒவ்வொரு துளைக்கும் போர்ட் என்று பெயர். ஒரு கணினி அனுப்பும் தகவலைச் சரியான கணினிக்கு மட்டும் கொண்டு சேர்ப்பது இதன் வேலை.

இதற்கு முன் ஹப் என்று ஒரு பெட்டி இருந்தது. அதற்கு மூளை கிடையாது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லா போர்ட்டுக்கும் அனுப்பிவிடும். சுவிட்சுக்கு ஞாபக சக்தி உண்டு. அந்த ஞாபகத்துக்குத்தான் மேக் முகவரி அட்டவணை என்று பெயர்.

■ மேக் முகவரி என்றால் என்ன?

ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் கம்பெனியிலேயே ஓர் எண் பதிந்து தருகிறார்கள். அது 48 பிட் நீளம். எழுதும்போது 12 ஹெக்ஸாடெசிமல் இலக்கமாக எழுதுவார்கள். உதாரணம்: 00-11-22-33-44-55. (எண் முறைகள் பாடத்தை 'இது எதுக்கு உதவும்'னு கேட்டோமே, இதோ உதவுது!) முதல் 24 பிட் எந்தக் கம்பெனி என்று காட்டும். அதை ஒதுக்கித் தருவது ஐ.இ.இ.இ. என்ற அமைப்பு. அடுத்த 24 பிட், அந்தக் கம்பெனி தானே கொடுக்கும் வரிசை எண்.

48 பிட்டில் எத்தனை முகவரி வரும்? 2-ன் அடுக்கு 48. அதாவது சுமார் 281 லட்சம் கோடி!

■ புதிதாக வந்த அட்டெண்டர்

நம்ம பள்ளிக்குப் புதிதாக ஓர் அட்டெண்டர் அண்ணன் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த டீச்சர் எந்த அறையில் இருக்காங்கன்னு அவருக்குத் தெரியாது. யாரும் பட்டியலும் தரல. 3-ஆம் அறையில் ஒரு கடிதம் கொடுக்கிறார்கள். மேலே "அனுப்புநர்: கணக்கு டீச்சர், பெறுநர்: தமிழ் ஐயா" என்று இருக்கு. அண்ணன் முதலில் தன் நோட்டில் "கணக்கு டீச்சர் – 3-ஆம் அறை" என்று குறித்துக்கொள்கிறார். தமிழ் ஐயா எங்கே என்று தெரியாததால், மற்ற எல்லா அறையிலும் போய்க் கேட்கிறார். 8-ஆம் அறையில் ஐயா பதில் எழுதிக் கொடுக்கிறார். உடனே "தமிழ் ஐயா – 8-ஆம் அறை" என்று இன்னொரு வரி சேருது. அடுத்த முறை அலைச்சல் இல்லை, நேரே போய்விடலாம்.

சுவிட்சும் இதைத்தான் செய்கிறது. அனுப்புநரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். பெறுநரைப் பார்த்துக் கொண்டு சேர்க்கும். இந்த இரண்டையும் மாற்றிப் படிச்சுடாதீங்க. எங்க வகுப்பில் பாதிப் பேர் இங்கேதான் தப்பு பண்ணினோம்.

■ ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

கணினி 1 போர்ட் 1-ல், கணினி 2 போர்ட் 2-ல், கணினி 3 போர்ட் 3-ல் இருக்கின்றன. சுவிட்சை இப்போதுதான் ஆன் செய்தோம். அட்டவணை காலி.

படி 1: கணினி 1, கணினி 3-க்கு அனுப்புகிறது. சுவிட்ச் "கணினி 1 – போர்ட் 1" என்று எழுதும். கணினி 3 எங்கே என்று தெரியாது. அதனால் போர்ட் 1 தவிர மற்ற எல்லா போர்ட்டிலும் அனுப்பும்.

படி 2: கணினி 3 பதில் அனுப்புகிறது. சுவிட்ச் "கணினி 3 – போர்ட் 3" என்று எழுதும். கணினி 1 ஏற்கெனவே அட்டவணையில் இருப்பதால், பதில் போர்ட் 1-க்கு மட்டும் போகும்.

படி 3: இனி 1-ம் 3-ம் பேசிக்கொள்வது கணினி 2-க்குத் தெரியாது. கணினி 2 இன்னும் ஒரு வார்த்தை பேசாததால் அது அட்டவணையிலும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. பெறுநர் முகவரியில் 12 இடத்திலும் எஃப் என்று இருந்தால் அது எல்லாருக்குமான செய்தி. நம்ம பள்ளி சர்க்குலர் மாதிரி. அதை பிராட்காஸ்ட் என்பார்கள். வந்த போர்ட் தவிர எல்லா போர்ட்டுக்கும் அது போய்த்தான் ஆக வேண்டும்.

■ மறப்பதும் தேவைதான்

கணினியை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றலாம், அணைத்தும் வைக்கலாம். பழைய வரி அப்படியே இருந்தால் தகவல் தப்பான இடத்துக்குப் போகும். அதனால் ஒரு கணினி குறிப்பிட்ட நேரம் பேசாமல் இருந்தால் சுவிட்ச் அந்த வரியை அழித்துவிடும். பல சுவிட்சுகளில் இந்த நேரம் 300 விநாடி, அதாவது 5 நிமிடம். பேசினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இடம் மாறிய கணினி புது போர்ட்டிலிருந்து ஒரு தடவை பேசினாலே போதும், அட்டவணை உடனே திருத்திக்கொள்ளும். மின்சாரம் போனால் கற்றதெல்லாம் அழிந்து, மறுபடி முதலிலிருந்து கற்கும்.

■ சரி, நான் செய்த தப்பு என்ன?

லேப்பைச் சுத்தம் செய்தபோது ஒரு கேபிள் முனை கீழே தொங்கிட்டு இருந்தது. கழண்டு விழுந்திருக்கு போலன்னு 19-ஆம் போர்ட்டில் செருகிட்டேன். அதன் மறுமுனை ஏற்கெனவே 7-ஆம் போர்ட்டில் இருந்ததை நான் பார்க்கல. நல்லது செய்யறேன்னு நினைச்சு சுவிட்சின் வாலை அதன் வாயிலேயே கொடுத்துட்டேன்!

இப்போது ஒரு கணினி சர்க்குலர் அனுப்புகிறது. சுவிட்ச் அதை எல்லா போர்ட்டிலும் விடுகிறது. 7-ல் போனது கேபிள் வழியாக 19-ல் திரும்பி வருது. சுவிட்சுக்கு அது புது சர்க்குலர். மறுபடி எல்லா போர்ட்டிலும் விடும். 7-லும் விடும். அது மறுபடி 19-ல் வரும். 19-ல் போனது 7-ல் வரும். ஈதர்நெட் தகவலில் "இத்தனை முறை சுற்றினால் செத்துவிடு" என்று ஆயுள் எண்ணிக்கை எதுவும் கிடையாது. அதனால் சுற்று நிற்கவே நிற்காது. 100 மெகாபிட் வேகமுள்ள ஒரு கேபிளில் மிகச் சிறிய தகவல்கள் விநாடிக்கு 1,48,809 வரை ஓட முடியும். அத்தனை இடத்தையும் இந்தச் சுற்றே அடைத்துவிட்டால் நம்ம வினாத்தாள் எந்த வழியாகப் போகும்? இதற்கு பிராட்காஸ்ட் புயல் என்று பெயர்.

அட்டவணையும் கெட்டுப்போகும். கணினி 1 அனுப்பிய சர்க்குலர் 19-லும் 7-லும் திரும்பி வருவதால், "கணினி 1 – போர்ட் 19", "இல்ல, போர்ட் 7" என்று சுவிட்ச் மாற்றி மாற்றி எழுதும். கணினி 1 உட்கார்ந்திருப்பதோ போர்ட் 1-ல். அதற்கு வர வேண்டியது எப்படி வந்து சேரும்?

காலை முழுக்க ஒவ்வொரு கணினியாக வைரஸ் தேடினோம். சாயங்காலம்தான் சார் சுவிட்சைப் பார்த்தார். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். 19-ஐப் பிடுங்கியதும் விளக்கெல்லாம் அடங்கியது. சுவிட்சை ஒரு முறை அணைத்துப் போட்டார். லேப் சரியாகிவிட்டது.

■ பெரிய இடத்திலும் நடந்திருக்கு

2002 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் சில நாட்கள் முடங்கியது. சுற்று வராமல் காக்கும் ஏற்பாடு, அளவுக்கு மீறி வளர்ந்த நெட்வொர்க்கில் குழம்பிப் போனதுதான் பிரச்சினை. டாக்டர்களும் நர்சுகளும் மறுபடி காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

அந்தக் காக்கும் ஏற்பாட்டின் பெயர் ஸ்பானிங் ட்ரீ. 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்பெனியில் வேலை பார்த்த ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் உருவாக்கியது. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, எங்கே சுற்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு வழியைத் தாமே அடைத்துவிடும். நம்ம லேப் சுவிட்ச் விலை குறைந்த வகை, அதில் இந்த வசதி இல்லை.

(உங்களுக்குத் தெரியுமா? பல போர்ட் கொண்ட முதல் ஈதர்நெட் சுவிட்சை 1990-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கம்பெனியின் பெயர் கல்பனா! அதை நிறுவிய இருவரில் ஒருவரான இந்திய வம்சாவளி வினோத் பரத்வாஜ், தன் மனைவியின் பெயரை வைத்தார். அந்த சுவிட்சில் 7 போர்ட் இருந்தது. 1994-ல் அந்தக் கம்பெனியை சிஸ்கோ வாங்கியது.)

■ அட்டவணையை நிர்வகிப்பது எப்படி?

நம்மிடம் இருக்கும் சுவிட்சுக்குக் கட்டளை கொடுக்க முடியாது. கல்லூரி, ஆபீஸ்களில் இருக்கும் நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகளில் முடியும். சிஸ்கோ சுவிட்ச் கட்டளைகளின் உச்சரிப்பைத் தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டணும்.

1. பார்க்க – "ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்". எந்த முகவரி, எந்த போர்ட், தானே கற்றதா நாம் எழுதியதா என்று வரிசையாகக் காட்டும். ஒரே முகவரி ஒவ்வொரு முறையும் வேறு வேறு போர்ட்டில் தெரிந்தால், எங்கோ சுற்று இருக்கிறதா என்று முதலில் தேடணும்.

2. அழிக்க – "கிளியர் மேக் அட்ரஸ்-டேபிள் டைனமிக்". தானே கற்றதை மட்டும் துடைக்கும்.

3. மறதி நேரத்தை மாற்ற – "மேக் அட்ரஸ்-டேபிள் ஏஜிங்-டைம்" என்று போட்டு விநாடியைக் கொடுக்கணும். 0 கொடுத்தால் மறக்கவே மறக்காது. தெரியாமல் கொடுக்கக் கூடாது.

4. நிரந்தரமாக எழுத – இடம் மாறாத சர்வர், பிரிண்டர் முகவரியை நாமே ஸ்டாட்டிக் வரியாக எழுதலாம். அதற்கு மறதி நேரம் பொருந்தாது. ஆனால் பிரிண்டரை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் இந்த வரியையும் நாமே மாற்றணும். இல்லேன்னா தகவல் பழைய போர்ட்டுக்கே போகும்.

5. கட்டுப்படுத்த – அட்டவணையில் இடம் அளவோடுதான் இருக்கும். சிஸ்கோ 2960 வகையில் சுமார் 8,000 வரி. யாராவது பொய் முகவரிகளை ஆயிரக்கணக்கில் அனுப்பி அட்டவணையை நிரப்பினால், புதியவர்களை எழுத இடம் இருக்காது. தெரியாத முகவரிக்கு வருவதை எல்லா போர்ட்டிலும் விடுவதுதானே விதி? அப்போது சுவிட்ச் ஹப் மாதிரி ஆகி, அடுத்தவர் தகவல் திருடனுக்கும் போகும். இதைத் தடுக்க போர்ட் செக்யூரிட்டி இருக்கு. "இந்த போர்ட்டில் இத்தனை முகவரிதான்" என்று வரம்பு வைக்கலாம். மீறினால் அந்த போர்ட்டையே மூடும்படியும் செய்யலாம்.

■ நீங்களே செய்து பாருங்கள்

விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து "கெட்மேக்" என்று ஆங்கிலத்தில் தட்டுங்க. உங்கள் கணினியின் மேக் முகவரி வரும். நோட்டில் குறித்து, பக்கத்துக் கணினியோடு ஒப்பிடுங்கள். முதல் ஆறு இலக்கம் ஒன்றாக இருந்தால் இரண்டு கார்டும் ஒரே கம்பெனி.

■ யோசித்துப் பாருங்கள்

1. போர்ட் 4-ல் ஒரு ஹப், அதில் 3 கணினி. மூன்றும் பேசிய பின், சுவிட்சின் அட்டவணையில் போர்ட் 4-க்கு எத்தனை வரி?
2. அந்த மூன்றில் ஒன்று, இன்னொன்றுக்கு அனுப்புகிறது. சுவிட்ச் என்ன செய்யும்?

விடை: 1) மூன்று வரி. ஒரு போர்ட்டில் பல முகவரி இருக்கலாம். 2) ஒன்றும் செய்யாது. பெறுநரும் அதே போர்ட்டில்தான் இருக்கிறார் என்று தெரிந்து அங்கேயே விட்டுவிடும்.

■ முடிவாக...

லேப்பில் தொங்கும் கேபிளைப் பார்த்தால் மறுமுனை எங்கே போகிறது என்று கையால் தடவிப் பார்க்காமல் செருகாதீர்கள். சாரிடம் கேளுங்கள். லேப் மறுபடி நின்றால் முதலில் சுவிட்ச் விளக்கைப் பாருங்கள். யார் பென் டிரைவ் போட்டது என்று ஆளைத் தேடுவது அப்புறம் இருக்கட்டும். அனுப்புநர் யார் என்று பார்க்காமல் சுவிட்ச் ஒரு வரிகூட எழுதுவதில்லை. நாமோ எதையும் பார்க்காமலே ஒரு தம்பி பெயரை எழுதிட்டோம்.

தம்பி, பென் டிரைவ் சார் மேசையில் பத்திரமா இருக்கு. வந்து வாங்கிக்கோ.



– 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவன்