கேள்வி நேரம்: நம் குறை அவைக்குள் நுழையும் வழி

2022 டிசம்பர் 8-ஆம் தேதி மக்களவையில் ஒரு கேள்விக்கு எழுத்துமூலம் பதில் தரப்பட்டது. கேட்டவர் கேரளத்தின் திருச்சூர் தொகுதி உறுப்பினர் டி.என். பிரதாபன். பதில் தந்தவர் அப்போதைய சிறுபான்மையினர் நல அமைச்சர் ஸ்மிருதி இரானி. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் சிறுபான்மை மாணவர்களுக்கு வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்படுகிறது என்ற செய்தி அந்தப் பதிலில்தான் வெளியே வந்தது. வேறு உதவித்தொகைகளும் இதே மாணவர்களுக்குக் கிடைக்கின்றன என்பது அரசு சொன்ன காரணம். 2014-15 முதல் 2021-22 வரை 6,722 பேர் தேர்வானார்கள், 738.85 கோடி ரூபாய் வழங்கப்பட்டது என்ற கணக்கும் அதனுடன் வந்தது.

முடிவு கசப்பானதுதான். ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால் நம் பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள்? அடுத்த அறிவிப்பு வரும் என்று காத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். பதில் வந்ததால் மாணவர் அமைப்புகள் கையில் ஓர் அரசுத் தாளோடு போராட முடிந்தது. குடும்பங்கள் வேறு உதவித்தொகையைத் தேட முடிந்தது. அரசு எதை நிறுத்தியது, ஏன் நிறுத்தியது, எவ்வளவு செலவழித்தது என்பதை அமைச்சரின் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் அவையில் கேட்கப்படும் கேள்வியின் பலன்.

இந்த உரிமை நம் நாட்டில் எளிதாக வந்ததல்ல. வெள்ளையர் ஆட்சியில் 1892-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்க வழி பிறந்தது. 1893 பிப்ரவரியில் பிங்கா ராஜா கேட்ட முதல் கேள்வி எதைப் பற்றியது தெரியுமா? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே கஷ்டப்படும் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றியது. துணைக் கேள்வி கேட்க மேலும் பதினாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் இந்த உரிமையின் வலிமையை 1957-இல் நாடு பார்த்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ரா என்ற வணிகரின் நிறுவனப் பங்குகளை 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது பற்றி மக்களவையில் ராம் சுபக் சிங் முதலானோர் கேள்வி கேட்டார்கள். பெரோஸ் காந்தி அதை விடாமல் தொடர்ந்தார். ஆளுங்கட்சி உறுப்பினர்தான், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். பாலிசிதாரர்கள் கட்டிய பிரீமியப் பணத்துக்குக் கணக்குக் கேட்டதில் தொடங்கிய விஷயம் அது.

இப்போதுள்ள நடைமுறைக்கு வருவோம். மக்களவை கூடும் நாட்களில் காலை 11 மணி முதல் 12 மணி வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி போடலாம். ஒரு நாளைக்கு 20 கேள்விகள்தான் இந்தப் பட்டியலில் இடம்பெறும். அவற்றிலும் சிலவே பேச்சுக்கு வரும். குறியிடாத கேள்விகள் நாளொன்றுக்கு 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் பதில் வரும். நம்மவர்கள் பலர் டிவியில் வருவதை மட்டும் பெரிதாக நினைக்கிறார்கள். என் கணிப்பில் சாதாரண மக்களுக்கு அதிகம் பயன்படுவது எழுத்தில் வரும் பதில்தான். அதில் எண்ணிக்கை இருக்கும், மாவட்ட வாரியான பட்டியல் இருக்கும், யாரும் சத்தம் போட்டு அதைக் கலைக்க முடியாது.

நம் சட்டமன்றத்திலும் கேள்வி நேரம் உண்டு. 2022 ஜனவரி 6 முதல் அது நேரலையாகவும் காட்டப்பட்டது. அங்கே பெரும்பாலான கேள்விகள் "அமைக்க அரசு ஆவன செய்யுமா?" என்றுதான் முடியும். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வந்தால் அத்தோடு சரி. "முன்வருமா" என்று கேட்டால் முன்வருவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். "எத்தனை பணியிடம் அனுமதிக்கப்பட்டது, அதில் எத்தனை காலி, எந்தத் தேதியிலிருந்து காலி" என்று கேட்டால் தப்ப முடியாது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் நம் ஊர்களில் அதிகக் குழப்பம். தெருவிளக்கு, வாறுகால், குப்பை, குடிநீர் இணைப்பு எல்லாம் நகராட்சி, ஊராட்சி மன்றங்களின் வேலை. வார்டு உறுப்பினர் மன்றக் கூட்டத்தில் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனை, பள்ளி, அரசுப் பேருந்து, ரேஷன் கடை, காவல் நிலையம் ஆகியவை சட்டமன்றத்துக்கு. ரயில், துறைமுகம், பாஸ்போர்ட், தபால், தேசிய நெடுஞ்சாலை, ஹஜ் விமானம் ஆகியவை நாடாளுமன்றத்துக்கு. ஹஜ் பயணம் புறப்படும் இடங்களின் பட்டியலிலிருந்து சென்னை நீக்கப்பட்டு, 2022-இல் நம் ஹாஜிகள் கொச்சி போய்ப் புறப்பட வேண்டியிருந்ததும், 2023-இல் சென்னை மீண்டும் சேர்க்கப்பட்டதும் நினைவிருக்கும். அந்த முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. அதற்கு எம்.எல்.ஏ.விடம் மனு கொடுத்தால் அவரும் டெல்லிக்கு ஒரு கடிதம்தான் எழுத முடியும்.

சரியான கதவைத் தட்டினாலும், திறக்க ஆள் இல்லாமல் போவதும் உண்டு. 2023 டிசம்பர் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். அந்த நாட்களில் நாடாளுமன்றம் கூடித்தான் இருந்தது. ஆனால் நம் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி கருணாநிதி அவையில் இல்லை. டிசம்பர் 13-ஆம் தேதி நடந்த பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் விளக்கம் தர வேண்டும் என்று போராடியதற்காக, 14-ஆம் தேதி இடைநீக்கம் செய்யப்பட்ட மக்களவை உறுப்பினர்களில் அவரும் ஒருவர். அந்தத் தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் ஆனார்கள். முதலில் சொன்ன பிரதாபனும் அவர்களில் ஒருவர். இடைநீக்கம் ஆனவர்கள் பெயரில் இருந்த கேள்விகள் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. 21-ஆம் தேதி கூட்டத்தொடரே முடிந்தது. அடுத்த தொடர் ஜனவரி 31-இல்தான் தொடங்கியது.

இடைநீக்கம் சரியா, தவறா என்பதைக் கட்சிக்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். நமக்குள்ள நஷ்டம் வேறு. மாவட்டமே தண்ணீரில் கிடந்த வாரத்தில், நம் தொகுதியின் பெயரால் கேள்வி கேட்க வேண்டியவருக்கு அவையின் கதவு மூடியிருந்தது.

சட்டமன்றத்தில் இதற்கு இன்னொரு வடிவம் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறு தொகுதிகள். 2021-இல் அமைந்த அரசில் திருச்செந்தூர் உறுப்பினர் அனிதா ஆர். ராதாகிருஷ்ணனும், தூத்துக்குடி உறுப்பினர் பெ. கீதா ஜீவனும் அமைச்சர்களானார்கள். "நம் எம்.எல்.ஏ. மந்திரி" என்று சொல்லிக்கொள்வதில் ஊருக்கு ஒரு பெருமை. ஆனால் அமைச்சர் பதில் சொல்பவர். கேள்வி நேரத்தில் அவர் எழுந்து இன்னொரு துறையைக் கேள்வி கேட்க மாட்டார். கடற்கரையில் மக்கள் நெருக்கமாக வாழும் இரண்டு தொகுதிகளுக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லாத நிலை அது.

இதற்கு வழி இருக்கிறது. கேள்வி கேட்க அந்தத் தொகுதி உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்று விதி இல்லை. திருச்சூர்க்காரர் கேட்ட கேள்வி காயல்பட்டினத்து மாணவிக்கும் பதில் தந்ததைப் பார்த்தோம். தமிழகத்துக்கு மாநிலங்களவையில் 18 உறுப்பினர்கள் உண்டு. அந்த அவையில் கேள்வி நேரம் பகல் 12 மணிக்கு. பக்கத்துத் தொகுதி உறுப்பினர், துறை சார்ந்த நிலைக்குழுவில் இருப்பவர் என யாருக்கும் விவரம் அனுப்பலாம். ஒரே ஆளை நம்பி ஒரே மனுவோடு நிற்க வேண்டியதில்லை.

மனு என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. ஜமாஅத் லெட்டர்பேடில் "எங்கள் ஊருக்கு ரயில் வசதியை மேம்படுத்தித் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று இரண்டு வரி. பொன்னாடை, போட்டோ, டீ. மனு உதவியாளர் கையிலுள்ள கட்டில் போய்ச் சேரும். உறுப்பினர் நல்லவராகவே இருந்தாலும் அந்த இரண்டு வரியை வைத்து அவர் அவையில் என்ன கேட்க முடியும்?

அதே விஷயத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"ரயில்வே அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி–திருச்செந்தூர் தடத்தில் சேதமடைந்த பாலங்கள், மதகுகள் எத்தனை, அவை எந்தெந்த இடங்களில் உள்ளன; (ஆ) தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்டவை எவை, நிரந்தரமாகச் சீரமைக்கப்பட்டவை எவை; (இ) இதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு; (ஈ) பணி முடியவில்லை எனில் காரணம் என்ன, முடியும் தேதி எது?"

இதில் கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. இருக்கவும் கூடாது. வாதம் செய்வது, யூகம் சொல்வது, நீதிமன்றத்தில் உள்ள வழக்கைக் கிளறுவது, தனி ஒருவரின் நடத்தையைக் குறை சொல்வது ஆகியவை இருந்தால் கேள்வி ஏற்கப்படாது. 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. உங்கள் வீட்டு பாஸ்போர்ட் தாமதமானால் அது தனிப்பட்ட குறை. உறுப்பினர் அலுவலகம் மூலம் கடிதம் போடலாம். ஆனால் நம் மஹல்லாவில் நாற்பது குடும்பங்களுக்கு ஒரே காரணத்தால் தாமதமானால், அது கேள்விக்குரிய பொது விஷயம். அந்த நாற்பதைத் தேதி, விண்ணப்பம் செய்த அலுவலகம், சொல்லப்பட்ட காரணத்தோடு எண்ணி எடுப்பது ஜமாஅத் செய்யக்கூடிய வேலை. நம் பெண்கள் குழுவினர் வீடு வீடாகப் போய்ச் செய்தால் ஆண்களைவிட நன்றாகவே செய்வார்கள்.

காலமும் முக்கியம். கேள்வியைக் குறைந்தது 15 நாட்களுக்கு முன்னதாக உறுப்பினர் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். கேள்விகள் அதிகமாக வருவதால் குலுக்கலில்தான் முன்னுரிமை. பட்ஜெட் தொடர் ஜனவரி இறுதியில், மழைக்காலத் தொடர் ஜூலையில், குளிர்காலத் தொடர் நவம்பர் அல்லது டிசம்பரில் தொடங்குவது வழக்கம். அதற்கு ஒன்றரை மாதம் முன்பே நம் விவரம் உறுப்பினர் கையில் இருந்தால் நல்லது.

பதில் வந்த பிறகு அதைப் படிக்க வேண்டும். மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயர், அமைச்சகம் வாரியாக எல்லாப் பதில்களும் கிடைக்கின்றன. கல்லூரி படிக்கும் பிள்ளை யாராவது அரை மணி நேரத்தில் எடுத்துத் தருவார். "மாநில அரசின் பொறுப்பு" என்று பதில் வந்தால், அதே தாளை இணைத்துச் சட்டமன்றக் கதவைத் தட்டலாம். "தகவல் இல்லை" என்று வந்தாலும் அது வெறும் பதில் அல்ல. 2020 செப்டம்பரில், ஊரடங்கின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்களின் எண்ணிக்கையைக் கேட்டபோது அப்படிப்பட்ட கணக்கு வைக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். எண்ணவே இல்லை என்பது அன்று அவைப் பதிவில் ஏறியது.

"விவரம் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று வந்தால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் மக்களவையின் அரசு உறுதிமொழிக் குழு விளக்கம் கேட்கும். நம் சட்டமன்றத்திலும் இப்படியொரு குழு உண்டு. பொதுமக்களிடமிருந்து நேரடியாக மனு வாங்கும் மனுக்கள் குழுவும் உண்டு. அந்தக் குழுக்கள் மாவட்டங்களுக்கு ஆய்வுக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் மூலம் செய்தி வரும்.

யாரும் கேட்க முன்வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது.  மேலே எழுதிய (அ) முதல் (ஈ) வரையான கேள்விகளில் ஆவணத்தில் உள்ள விவரங்களைக் கேட்கும் பகுதிகளை அப்படியே எடுத்து, பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ரயில்வேயின் பொதுத் தகவல் அலுவலருக்கு நம் பெயரிலேயே அனுப்பலாம்.