இரு வீச்சும் நால் வீச்சும் — விழிஞ்ஞம் கரையில் கற்ற ஒரு பாடம்

நம் விடுதியில் இரவுணவுக்குப் பின் நடைபெறும் வழக்காடல்களை நண்பர்கள் அறிவீர்கள். சென்ற பருவத்தில் ஒரு நாள் பேச்சு மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுந்தது. ஒரு சாரார், 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் உருவான யமாஹா ஆர்.எக்ஸ். 100 வண்டிக்கு நிகரான வண்டி இனிப் பிறக்கப்போவதில்லை என்றனர். மற்றொரு சாரார், புகை கக்கும் அந்தப் பழம்பொறி ஒழிந்தது நாட்டிற்கு நன்மையே என்றனர். பொறியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் யானும் இரண்டாம் அணியில் நின்று, "இரு வீச்சு எஞ்சின் ஒரு குறைப்பிறவி, நால் வீச்சு எஞ்சினே அறிவியல் கண்ட முடிவு" என்று தீர்ப்புக் கூறினேன். அத்தீர்ப்பு எத்துணை அவசரமானது என்பதைப் பின்னர் விழிஞ்ஞம் கடற்கரையில் ஒரு பெரியவர் எனக்கு உணர்த்தினார். அங்கே கற்றதை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீச்சு என்பது யாது?

முதற்கண் இவ்விரு பொறிகளின் உள்ளமைப்பை நோக்குவோம். உருளைக்குள் பிஸ்டன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் செல்லும் ஒரு நகர்ச்சியே வீச்சு எனப்படும். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலாஸ் ஓட்டோ செம்மைப்படுத்திய பொறியில் நான்கு வீச்சுகள் உள. முதல் வீச்சில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படும். இரண்டாவதில் அது நெருக்கப்படும். மூன்றாவதில் அது எரிந்து பிஸ்டனைத் தள்ளும். நான்காவதில் எரிந்த புகை வெளியேறும். நான்கனுள் ஒன்றே வேலை செய்யும் வீச்சு. அஃதாவது கிராங்க் தண்டு இரு முறை சுழன்றால் ஒரு முறை ஆற்றல் கிடைக்கும். வாயில்களைத் திறக்கவும் மூடவும் வால்வுகளும், அவற்றை இயக்கத் தனித் தண்டும் சங்கிலியோ பட்டையோ தேவை.

இரு வீச்சுப் பொறியோ இவ்வளவையும் ஒரே சுழற்சியில் முடித்துவிடுகிறது. பிரிட்டனில் டுகால்ட் கிளார்க் தொடங்கிய முயற்சியை, ஜோசப் டே என்பார் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இன்றைய எளிய வடிவிற்குக் கொண்டுவந்தார். பிஸ்டன் மேலேறும்போது அதன் மேற்புறம் கலவை நெருக்கப்படுகிறது. அதே வேளையில் கீழ்ப்புறத்துக் கிராங்க் அறைக்குள் புதுக்கலவை இழுக்கப்படுகிறது. தீப்பொறி பட்டதும் பிஸ்டன் கீழே பாய்கிறது. பாயும்போது உருளைச் சுவரிலுள்ள துளைகளைத் திறந்துவிடுகிறது. ஒரு துளைவழியே புகை வெளியேற, மற்றொன்றின் வழியே புதுக்கலவை உள்ளே புகுந்து எஞ்சிய புகையைத் தள்ளுகிறது. இதற்கு வால்வு இல்லை. வால்வுத் தண்டும் இல்லை. பிஸ்டன், இணைப்புத் தண்டு, கிராங்க் தண்டு ஆகிய மூன்றே முதன்மையான இயங்கும் உறுப்புகள்.

ஒவ்வொரு சுழற்சியிலும் ஆற்றல் கிடைப்பதால், ஒரே அளவுள்ள உருளையில் இரு வீச்சு இருமடங்கு ஆற்றல் தரவேண்டும். ஆயின் நடைமுறையில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கே கிடைக்கிறது. காரணம் என்ன? புகையைத் தள்ள வந்த புதுக்கலவையிலும் ஒரு பகுதி, திறந்திருக்கும் துளைவழியே எரியாமலே ஓடிவிடுகிறது. கார்புரேட்டர் உள்ள பழைய எஞ்சின்களில் இந்த இழப்பு எரிபொருளில் கால் பங்கு வரை செல்வதுண்டு. மேலும், கிராங்க் அறை கலவை செல்லும் வழியாக இருப்பதால் அங்கே எண்ணெயைத் தேக்கிவைக்க இயலாது. ஆகவே மசகெண்ணெயை எரிபொருளிலேயே கலந்து ஊற்றவேண்டும். அவ்வெண்ணெய் எரிந்து நீலப் புகையாகிறது. இவையே இரு வீச்சின் மீது சுமத்தப்படும் குற்றங்கள். இரண்டும் மெய்யான குற்றங்களே.

மேனாட்டு மோட்டோகிராஸ் பந்தயங்களிலும் இதே வழக்கு நடந்தது. சேற்றிலும் மேட்டிலும் தாவிச் செல்லும் அவ்வண்டிகளுக்கு எடைக்குறைவே உயிர். எனவே நெடுங்காலம் இரு வீச்சே அங்குக் கோலோச்சியது. 1998-இல் யமாஹா நிறுவனம் ஒய்.இசட். 400 எஃப் என்ற நால் வீச்சு வண்டியை விற்பனைக்குக் கொணர்ந்தபின் நிலைமை மாறிற்று. சில ஆண்டுகளில் 250 சி.சி. இரு வீச்சும் 450 சி.சி. நால் வீச்சும் ஒரே வகுப்பில் நிற்கும் நிலை வந்தது. பெரிய உருளைக்கு விதி இடம் கொடுத்தபின் வெற்றி யார் பக்கம் சாய்ந்தது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டுவது ஒன்று: பொறியின் தகுதி மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த விதியும் வெற்றியைத் தீர்மானிக்கிறது.

நிற்க. இனி விழிஞ்ஞத்திற்கு வருவோம்.

கரையும் கலமும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே அமைந்த விழிஞ்ஞம் தமிழ் வரலாறு பயில்வார்க்குப் புதிய ஊரன்று. ஆய் மன்னர்களின் துறைமுகமாகவும் அரணாகவும் விளங்கி, பாண்டியர், சோழர் படையெடுப்புகளைக் கண்ட ஊர் அது. அங்குள்ள சிறு குடைவரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர். இன்று அவ்வூரின் பெயர் உலகெங்கும் வழங்குவதற்குக் காரணம், 2025 மே 2-ஆம் நாள் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுத் துறைமுகம். பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் அத்துறைமுகத்தின் அருகிலேயே மீனவர்களின் பழைய துறையும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது மற்றக் கரைகளில் அலை சீறிப் படகை இறக்கவொட்டாமல் தடுக்கும். அப்போது அயலூர்ப் படகுகளும் விழிஞ்ஞத்தை நாடி வரும்.

இக்கரையில் முன்பு கட்டுமரமும் பாயும் துடுப்புமே கருவிகள். 1980-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளும், பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வந்தன. அவற்றோடு வந்ததே படகின் பின்புறத்தில் மாட்டும் வெளிப்பொறி எஞ்சின். அது பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடும் இரு வீச்சு எஞ்சின். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர்; நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்புவர். மண்ணெண்ணெய் கடும் நெருக்கத்தைத் தாங்காது தட்டும் இயல்புடையது; ஆகவே எஞ்சினின் நெருக்க விகிதத்தையும் குறைத்தே அமைப்பர். அதனால் ஆற்றலும் சிறிது குறையும். அறிவியல் நோக்கில் குறைகளின் மேல் குறை. எனினும் ஒரு தலைமுறை மீனவர்கள் இதனையே நம்பிக் கடலுக்குச் சென்றனர். ஏன்?

பெரியவர் கேட்ட மூன்று கேள்விகள்

அந்தக் கேள்வியோடுதான் ஒரு ஞாயிறன்று வகுப்புத் தோழன் ஒருவனுடன் விழிஞ்ஞம் சென்றேன். அவன் தந்தையின் மூத்த சகோதரர் குமரி மாவட்டத்துக் கடலோரத்தில் பிறந்து, மணவுறவால் விழிஞ்ஞத்தில் குடியேறியவர். அவருடைய பழைய எஞ்சின் தேய்ந்துவிட்டது. கடன் வாங்கிப் புதிது ஒன்று வாங்கவேண்டிய நிலை. "படித்த பிள்ளைகள் வந்திருக்கிறீர்கள், எதை வாங்கலாம், சொல்லுங்கள் மக்களே" என்றார்.

யான் தயங்கவில்லை. நால் வீச்சுப் பெட்ரோல் எஞ்சினின் சிறப்பை விளக்கினேன். எரிபொருள் மிச்சம், புகைக் குறைவு, ஓசைக் குறைவு, எண்ணெய் கடலில் கலவாமை எனப் பட்டியலிட்டேன். அமெரிக்க நாடு 1998 முதல் வெளிப்பொறிகளின் நச்சுப்புகையைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தியதையும், ஹோண்டா நிறுவனம் 1964 முதலே நால் வீச்சு வெளிப்பொறிகளைச் செய்துவருவதையும் எடுத்துரைத்தேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர் மூன்று கேள்விகள் கேட்டார்.

முதற் கேள்வி: "அதன் எடை என்ன?" 15 குதிரைத்திறனுள்ள இரு வீச்சு எஞ்சின் ஏறத்தாழ 36 கிலோ, அதே திறனுள்ள நால் வீச்சு ஏறத்தாழ 50 கிலோ. ஏட்டில் இது 14 கிலோ வேறுபாடு, அவ்வளவே. ஆயின் மணற்கரையில் படகேற்றும் ஊர்களில், எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்துதான் வீடு சேர்க்கவேண்டும். ஈர மணலில் ஒருவர் சுமப்பதற்கும் இருவர் சுமப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. மேலும் நால் வீச்சை நினைத்த பக்கம் கிடத்த முடியாது; அடியிலுள்ள எண்ணெய் உருளைக்குள் புகும்.

இரண்டாம் கேள்வி: "நடுக்கடலில் நின்றுபோனால் நான் திறந்து பார்க்கலாமா?" இரு வீச்சு நின்றால் பெரும்பாலும் தீப்பொறிக் கட்டையோ, எரிபொருட் குழாயோ, கார்புரேட்டரோ காரணமாயிருக்கும். ஒரு திருப்புளியும் ஒரு சாவியும் கொண்டு அவரே சரிசெய்வார். வால்வு இடைவெளியும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ள புதுப்பொறியை அவ்வாறு அலையில் ஆடும் படகில் திறக்க இயலாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் இக்கரை மீனவர்களைக் கடலில் வளைத்துக்கொண்டதை அவர் நினைவூட்டினார். "எஞ்சின் ஓடினால்தான் ஆள் திரும்புவான்" என்று மட்டும் சொன்னார். யான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் கேள்வி: "மண்ணெண்ணெய்க்கு என்ன விலை வைத்துக் கணக்குப் பார்த்தீர்கள்?" உண்மையில் யான் விலையே வைத்துப் பார்க்கவில்லை.

கணக்கு

விடுதிக்குத் திரும்பியதும் கணக்கிட்டேன். ஒரு நாள் ஓட்டத்திற்கு இரு வீச்சு 30 லிட்டர் மண்ணெண்ணெய் உண்பதாகவும், அதே ஓட்டத்திற்கு நால் வீச்சு 20 லிட்டர் பெட்ரோல் உண்பதாகவும் கொள்வோம். 30 லிட்டர் மண்ணெண்ணெயின் விலையும் 20 லிட்டர் பெட்ரோலின் விலையும் எப்போது சமமாகும்? பெட்ரோல் விலை மண்ணெண்ணெய் விலையைப் போல் ஒன்றரை மடங்காக இருக்கும்போது. அதற்கு மேற்பட்டால் இரு வீச்சு இலாபம்; கீழ்ப்பட்டால் நால் வீச்சு இலாபம். இரு வீச்சில் 50-க்கு 1 வீதம் எண்ணெய் கலந்தால் நாளொன்றுக்கு 600 மில்லி எண்ணெயும் எரிந்துபோகும். அதனைச் சேர்த்தால் எல்லைக்கோடு நால் வீச்சின் பக்கம் சற்று நகரும்.

இதில்தான் எனக்குத் தெளிவு பிறந்தது. மானிய மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த காலத்தில் பெட்ரோலின் விலை அதனைப்போல் பன்மடங்கு. அப்போது இரு வீச்சை வாங்கியது அறியாமையன்று, சரியான கணக்கே. பின்னர் மத்திய அரசின் மானிய ஒதுக்கீடு சுருங்கச் சுருங்க, மீனவர் வெளிச்சந்தையில் வாங்க நேர்ந்தது; கணக்கு தலைகீழாகத் திரும்பியது. 2022 ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை விழிஞ்ஞம் துறைமுகத்தின் முன் மீனவர்கள் நடத்திய போராட்டத்தின் கோரிக்கைகளுள், கரையரிப்பிற்குத் தீர்வோடு மானிய விலையில் மண்ணெண்ணெய் வேண்டும் என்பதும் ஒன்று. ஓர் எஞ்சினின் வீச்சுக் கணக்கு ஒரு மக்கள் கூட்டத்தின் வாழ்வுக் கணக்காவதை அங்கே கண்டேன்.

யான் கூறிய விடை

அடுத்த ஞாயிறு மீண்டும் சென்றேன். இம்முறை தீர்ப்பு இல்லை; கணக்குத்தாள் மட்டுமே கையில். பெரியவரின் படகு விழிஞ்ஞம் துறையின் அமைதியான நீரில் கட்டப்படுவது. எஞ்சினை நாள்தோறும் மணலில் சுமக்கவேண்டுவதில்லை. ஆகவே எடை பற்றிய முதல் தடை அவருக்குப் பெரிதன்று. மூன்றாம் கேள்விக்கு இன்றைய விலையை இட்டு அவரே விடை கண்டார். எஞ்சியது இரண்டாம் கேள்வி. அதற்கு அவரே வழி கூறினார்: நால் வீச்சை வாங்குவது, பழைய இரு வீச்சை விற்காமல் தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மாற்று எஞ்சினாகப் படகிலேயே வைத்துக்கொள்வது. "புதிது சம்பாதிக்கட்டும், பழையது கரை சேர்க்கட்டும்" என்றார். அலை மோதும் வெறும் மணற்கரையில் படகேற்றும் தம் உறவினர்க்கு இதே யோசனையைத் தாம் சொல்லமாட்டார் என்பதையும் உடன் சேர்த்துக் கூறினார்.

நண்பர்களே, எது சிறந்த எஞ்சின் என்று வினவுவது எளிது. யாருக்கு, எந்தக் கரையில், எந்த விலையில், எந்த ஆபத்தில் என்று சேர்த்து வினவினால்தான் அது பொறியியல் வினாவாகும். இரு வீச்சின் காலம் முடிந்துவருகிறது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. கடலின் தூய்மையும், அந்தப் புகையை நாள்தோறும் உள்ளிழுக்கும் மீனவரின் நலனும் அதனையே வேண்டுகின்றன. ஆயின் அம்மாற்றத்தின் செலவைக் கடன்பட்ட ஒரு தனிமனிதன் தோளில் ஏற்றிவிட்டு, அவன் தயங்கும்போது பழமைவாதி என்று பெயர் சூட்டுவது முறையாகாது. கரையிலேயே பழுது பார்க்கப் பயின்ற இளைஞர்கள், எளிதில் கிடைக்கும் உதிரி உறுப்புகள், தாங்கத்தக்க கடன் ஆகியவை எஞ்சினோடு சேர்ந்தே வரவேண்டும். இவற்றுள் முதலாவது நம்போன்ற மாணவர்களால் ஆகக்கூடியது. வரும் விடுமுறையில் நம் துறை நண்பர்கள் சிலர் விழிஞ்ஞம் சென்று, நால் வீச்சு எஞ்சினைப் பேணும் முறையை எளிய தமிழிலும் மலையாளத்திலும் எழுதி விளக்கலாம் என எண்ணியுள்ளோம். ஒருபுறம் கற்பிக்கவும், அதனினும் மிகுதியாகக் கற்கவும் விரும்புவோர் எங்களோடு வருக.

விடுதி வழக்காடல் இன்னும் முடியவில்லை. ஆயினும் இப்போது யாரேனும் இரு வீச்சைப் பழித்தால், "எடை என்ன, பழுது யார் பார்ப்பது, எண்ணெய் என்ன விலை?" என்று யான் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கமாகிவிட்டது.