கரிசல் பருத்தியில் தாவும் ஜீன்கள்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மழையை நம்பிய மானாவாரிக் காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கும். தரிசாகக் கிடக்கும் இடமெல்லாம் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். இந்த மூன்று செடிகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு உயிரியலின் ஓர் அதிசயத்தைத் தெரிந்துகொள்வோமா?

ஒரு புதிர்

கரிசல் மண்ணில் நெடுங்காலம் பயிரான நாட்டுப் பருத்தி கருங்கண்ணி. 'காசிப்பியம் ஆர்போரியம்' என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியில் கே.11 போன்ற ரகங்களை உருவாக்கித் தந்தது.

இதற்குப் பெரு நாட்டில் ஒரு காட்டு உறவினர் உண்டு. அதன் பெயர் 'காசிப்பியம் ரைமாண்டி'. இரண்டிலும் குரோமோசோம்கள் 13 ஜோடிதான். ஜீன்களும் இரண்டிலும் 40,000 அளவில்தான். ஆனால் ரைமாண்டியின் டி.என்.ஏ.வை 2012-இலும், நாட்டுப் பருத்தி இனத்தின் டி.என்.ஏ.வை 2014-இலும் எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டபோது ஒரு வியப்பு காத்திருந்தது. நாட்டுப் பருத்தியில் சுமார் 170 கோடி எழுத்துகள். ரைமாண்டியில் ஏறத்தாழ அதில் பாதிதான். ஜீன்கள் ஒரே அளவு என்றால், கூடுதலாக இருப்பது என்ன?

மக்காச்சோளம் சொன்ன விடை

1940-களில் அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் என்ற பெண் விஞ்ஞானி, மக்காச்சோள மணிகளில் காணும் வண்ணப் புள்ளிகளை ஆராய்ந்தார். நிறம் தரும் ஜீனுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டு புகுந்துகொண்டால் நிறம் உண்டாகாது. மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அத்துண்டு வெளியேறினால், அந்தச் செல்லின் வழிவந்த செல்களுக்கெல்லாம் நிறம் திரும்பிவிடும். அதுவே புள்ளி. முன்னதாக வெளியேறினால் பெரிய புள்ளி. பிந்தி வெளியேறினால் சிறிய புள்ளி!

ஜீன்கள் மணிமாலையில் கோத்த மணிபோல அசையாதவை என்று கருதப்பட்ட காலம் அது. அவர் கூறியதைப் பலர் ஏற்கத் தயங்கினர். 1983-இல், தம் 81-ஆம் வயதில் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பாடத்தில் படித்த மெண்டலின் சுருங்கிய பட்டாணி நினைவிருக்கிறதா? ஸ்டார்ச் உருவாக உதவும் ஒரு ஜீனுக்குள் இத்தகைய துண்டு புகுந்ததே அச்சுருக்கத்துக்குக் காரணம் என்று 1990-இல் தெரியவந்தது.

சீமைக்கருவேலம் போல

தாவும் துண்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நாற்றைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவது போல, இருந்த இடத்தை விட்டு வேறிடம் போகும். மற்றொரு வகை சீமைக்கருவேலம் போன்றது. தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் விதைகள் ஆடுமாடுகள் வழியே எங்கும் பரவும். அதுபோல இத்துண்டும் தன் நகலை மட்டும் புதிய இடத்தில் நுழைக்கும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.

நாட்டுப் பருத்தியும் ரைமாண்டியும் ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை என்று கணக்கிடுகிறார்கள். பிரிந்தபின் நாட்டுப் பருத்தியின் வழியில் இந்த நகல்கள் பெருகின. அதன் டி.என்.ஏ.வில் மூன்றில் இரண்டு பங்கு இவை போன்ற திரும்பத் திரும்ப வரும் பகுதிகளே. புதிருக்கு விடை இதுதான்.

இவை வெறும் களை என்று எண்ணிவிட வேண்டாம். சீமைக்கருவேலம் கரிமூட்டத்துக்கு உதவுவதுபோல, இவையும் சில வேளை பயன் தருகின்றன. கிளைகள் பல விடும் காட்டுப்புல்லிலிருந்து ஒற்றைத் தண்டுள்ள மக்காச்சோளம் தோன்றியதில் இத்தகைய ஒரு துண்டுக்கும் பங்கு உண்டு.

இரு குடும்பங்கள் ஒன்றானால்

பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே, நாட்டுப் பருத்தியின் உறவினமும் ரைமாண்டியின் உறவினமும் அமெரிக்கக் கண்டத்தில் கலந்தன. இரண்டின் குரோமோசோம்களும் ஒரே செடியில் முழுமையாகச் சேர்ந்தன. 26 ஜோடி குரோமோசோம்கள் உள்ள அமெரிக்கப் பருத்தி அந்த வழியில் வந்ததே. இன்று நூற்பாலைகளுக்கு நீண்ட இழை தருவது பெரும்பாலும் இதுதான். நீங்கள் காலையில் குடிக்கும் காப்பியிலும் இதே கதை உண்டு. அராபிகா காப்பி, இரண்டு காப்பி இனங்கள் கலந்து உண்டானது. அவற்றில் ஒன்றான ரோபஸ்டாவின் டி.என்.ஏ.வில் பாதியளவு தாவும் துண்டுகளே!

நமக்கென்ன?

கருங்கண்ணியின் இழை குட்டையானது. ஆகவே ஆலைகள் விரும்பவில்லை, விதைப்பும் சுருங்கியது. ஆனால் இந்த இனம் வறட்சியையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் தாங்கவல்லது. அந்தக் குணங்களை அமெரிக்கப் பருத்திக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடும். அதைச் சரிசெய்ய விஞ்ஞானிகள் கால்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமோசோம்களை இரட்டிப்பாக்குகிறார்கள். இந்த வேலைக்கு முதலில் வேண்டியது கருங்கண்ணி விதை. பல லட்சம் ஆண்டுகளாக எழுதப்பட்ட அந்த ஏடு தொலைந்தால், திரும்ப எழுத நம்மால் முடியாது. உங்கள் ஊரில் யாரேனும் அந்த விதையை வைத்திருக்கிறார்களா? பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. கருங்கண்ணியையும் அமெரிக்கப் பருத்தியையும் கலந்தால் பிறக்கும் செடியில் எத்தனை குரோமோசோம்கள் இருக்கும்? அது ஏன் மலடாகிறது?

2. மக்காச்சோள மணி முழுவதும் ஒரே நிறமாக இருந்தால், தாவும் துண்டு எப்போது வெளியேறியிருக்கலாம்?