கன்னத்தை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: மூச்சு தாராளமாக வர மூக்கின் மேல் ஒட்டும் ஸ்ட்ரிப் வாங்கப் போனேன். தோல் நிறம், கண்ணாடி போன்றது, மெந்தால் வாசம் என்று கடைக்காரர் எடுத்து அடுக்கிவிட்டார். எது நல்லது? – ஆர்.எஸ்., கும்பகோணம்

பதில்: கடைக்குப் போகுமுன் கண்ணாடி முன் நின்றிருக்க வேண்டும். மூக்கை ஒட்டிய கன்னத்தில் இரண்டு விரலை வைத்து, காதுப் பக்கமாக லேசாக இழுத்தபடி மூச்சை உள்ளே வாங்குங்கள். காற்று சட்டென்று தாராளமாகப் போனால் ஸ்ட்ரிப் உங்களுக்கு உதவும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அடைப்பு உள்ளே இருக்கிறது: சதை வீக்கமோ, நடுத்தண்டு வளைவோ, பாலிப்போ. வாசல் கதவை அகலத் திறந்தால் கூடத்தில் கிடக்கும் பீரோ நகர்ந்துவிடுமா?

சாதா ஸ்ட்ரிப்பில் மருந்தே கிடையாது. வளைத்தால் நிமிரத் துடிக்கும் பிளாஸ்டிக் பட்டைதான் அது. நிமிரும்போது மூக்கின் பக்கச் சுவரை வெளியே தூக்கிப் பிடிக்கிறது. துளைக்குச் சற்று உள்ளேதான் மூச்சுப் பாதையின் மிகக் குறுகலான இடம். அங்கே இம்மி அகன்றாலும் வித்தியாசம் தெரியும். ஆகவே நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். இரு நுனியும் மூக்கு மடல் புடைக்கும் இடம் வரை இறங்க வேண்டும். மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டும். காற்று அதிகம் போவதுபோல் தோன்றும். போகாது.

கேள்வி: ஒட்டிய ஒரு மணி நேரத்தில் பெயர்ந்துவிடுகிறது. மட்டச் சரக்கா? – பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: இதற்கு எதற்குப் பெயரை மறைக்க வேண்டும்! சோப்பு போட்டு முகம் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கிரீம் பவுடர் எதுவும் இல்லாமல் ஒட்டுங்கள். மூக்குக் கண்ணாடி உட்காரும் இடத்தில் ஒட்டுவது இன்னொரு தப்பு. அது எலும்பு, அசையாது. எலும்பு முடிந்து மெத்தென்று ஆகும் இடம்தான் சரி. காலையில் வெந்நீரில் நனைத்து எடுங்கள். வறட்டென்று பிய்த்தால் தோலும் கூட வரும்.

கேள்வி: மாரத்தான் பயிற்சி எடுக்கிறேன். ஸ்ட்ரிப் போட்டால் வேகம் கூடுமா? – கே.வி., கோவை

பதில்: கூடாது. அமெரிக்காவின் மினசோட்டாவில் புரூஸ் ஜான்சன் என்பவர் தன் மூக்கடைப்புக்காகக் கண்டுபிடித்தது இது. 1990களில் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் மூக்கில் ஒட்டிக்கொண்டு ஆட, உலகமே வாங்கியது. ஆனால் மூச்சிரைக்க ஓடுகிறவன் வாயால்தானே மூச்சு விடுகிறான்? சோதித்துப் பார்த்த பல ஆய்வுகளில் ஓட்டத் திறன் கூடவில்லை. வாயால் மூச்சுவிட முடியாத பிராணி குதிரை. அதற்கும் ஸ்ட்ரிப் உண்டு. 2014இல் கலிஃபோர்னியா குரோம் என்ற பந்தயக் குதிரை அதை ஒட்டிக்கொண்டுதான் இரண்டு பெரிய பந்தயங்களை வென்றது. மூன்றாவதில் ஒட்டியும் தோற்றது.

கேள்வி: என் வீட்டுக்காரர் குறட்டை விடுகிறார். நடுவில் மூச்சே நின்று, பிறகு திணறி எழுகிறார். ஸ்ட்ரிப் போதுமா? – எம்.ஜெ., சிவகாசி

பதில்: போதாது அம்மா. இது தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்ளும் கோளாறு. ஸ்ட்ரிப் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஆபத்தை அப்படியே விட்டுவிடும். தூக்கப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். பகலில் தூங்கி வழிகிறவர் என்றால், அதுவரை வண்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாக ராத்திரி மூக்குச் சொட்டு மருந்து விடாமல் தூக்கம் வராது. அதை விட்டுவிட்டு ஸ்ட்ரிப்புக்கு மாறலாமா? – டி.பி., விருத்தாசலம்

பதில்: இரண்டு வருடமா! ஸைலோமெட்டாஸோலின், ஆக்ஸிமெட்டாஸோலின் என்ற பெயர் உங்கள் பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும். சில நாட்களுக்கு மேல் கூடாது என்றும் அதே பொடி எழுத்தில் இருக்கும். சளி பிடித்த மூன்று நாளைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ரத்தக் குழாயைச் சுருக்கும், ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும். வாரம் தாண்டினால் கதை மாறுகிறது. மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். மருந்தே நோயாகிவிடும்.

என்னிடம் வருகிற ஒரு லாரி டிரைவர் சட்டைப் பையில் ஒன்று, வண்டியில் ஒன்று, தலையணைக்கடியில் ஒன்று என்று மூன்று பாட்டில் வைத்திருந்தார். கேட்டால் “அலர்ஜி சார்” என்றார். சீட்டு இல்லாமல் பத்து பாட்டில் கேட்டாலும் கடையில் கிடைக்கிறது; யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

முதலில் ஒரு துளைக்கு மட்டும் நிறுத்துங்கள். அது திறந்த பிறகு மற்றதற்கு. கூடவே டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஸ்டீராய்டு என்றதும் பயம் வேண்டாம், இது மூக்கோடு நிற்கும் அளவு. ஒன்றிரண்டு வாரம் ராத்திரி கஷ்டமாக இருக்கும். அந்த ராத்திரிகளுக்கு ஸ்ட்ரிப் ஊன்றுகோல், ஒட்டிக்கொள்ளுங்கள். டிரைவர் மீண்டுவிட்டார், நீங்களும் மீள்வீர்கள்.

கேள்வி: ஒரு நேரம் இடது மூக்கு அடைக்கிறது, ஒரு நேரம் வலது. என்ன வியாதி? – எஸ்.என்., மதுரை

பதில்: வியாதியே இல்லை. சில மணிக்கொரு முறை மூக்கு பக்கம் மாற்றிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் கைசர் 1895இல் இதை எழுதினார். நம் ஊரில் சரம் பார்ப்பவர்கள் இடகலை, பிங்கலை என்று எப்போதோ பேர் வைத்துவிட்டார்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேத்திக்கு மூக்கு ஒழுகி அடைக்கிறது. ஸ்ட்ரிப் ஒட்டலாமா, தேங்காய் எண்ணெய் விடலாமா? – ஒரு பாட்டி, தென்காசி

பதில்: இரண்டும் வேண்டாம். ஸ்ட்ரிப் ஐந்து வயதுக்குக் கீழ் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். கற்பூரத்தையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், வலிப்பு வரும். உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். ஆனால் ஒரே மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் உள்ளே பட்டாணியோ பாசிமணியோ இருக்கும். ஹேர்பின்னால் தோண்டாதீர்கள், தூக்கிக்கொண்டு வாருங்கள். பொம்மையின் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே கிளம்புங்கள்.