வழிவந்தார்க்கு ஆற்றும் கைங்கர்யம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அதிதி என்னும் சொல்லுக்குத் திதி பாராமல் வருபவன் என்று பெரியோர் பொருளுரைப்பர். முன்னறிவிப்பின்றி வந்து, ஓரிரவு தங்கிச் செல்பவன் அவன். தைத்திரீயோபநிஷத்தின் சீக்ஷாவல்லி, தாய், தந்தை, ஆசார்யன் ஆகியோரை அடுத்து அதிதியையும் தெய்வமாகக் கொள்ளும்படி மாணவனுக்கு உபதேசிக்கிறது. இல்லறத்தானுக்கு விதித்த பஞ்ச மஹாயஜ்ஞங்களில் மநுஷ்ய யஜ்ஞம் என்பது அதிதி பூஜையே. ஓரிரவு தங்குபவன் ஊர் முழுவதையும் அறிய இயலாது. தன்னோடு பேசிய இருவர் மூவரைக் கொண்டே ஊரை மதிக்கிறான். அவனுக்கு அவர்களே ஊர்.

எம்பெருமானார் சரித்திரத்தில் இதற்கு அழகியதோர் எடுத்துக்காட்டு உண்டு. கொங்கு நாட்டில் மழை பொய்த்தபோது ஓர் அம்மையார் தம் கணவருடன் திருவரங்கம் வந்து தங்கினார். மாதுகரத்துக்கு எழுந்தருளும் உடையவர் திருவடிகளில் பெரியோர் பலரும் விழக் கண்டு, பிக்ஷை ஏற்பவரை இவர்கள் வணங்குவது ஏன் என்று அவரிடமே வினவினார். முன்பின் அறியாதவள் என்று கடந்து செல்லாமல் உடையவர் விடையளித்தார்; அவர் வேண்ட, த்வயமும் உபதேசித்தார். மழை பெய்து ஊர் திரும்பும் வேளையில், கேட்டதை மறந்தேன் என்று அவர் வந்து நிற்க, மீண்டும் உபதேசித்துத் தம் பாதுகைகளையும் தந்தருளினார். பஞ்சம் பிழைக்க வந்தவர், திருவரங்கத்தை ஆசார்யனின் ஊராக நெஞ்சில் கொண்டு சென்றார்.

பின்னாளில் சோழனால் நேர்ந்த இடையூற்றினால் உடையவர் வெள்ளை சாத்தி மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். காட்டுவழியில் உடன் சென்றோர் பசியாலும் குளிராலும் வாடினர். அங்கிருந்த வேடர்கள் நல்லான் சக்ரவர்த்தியிடம் நல்வார்த்தை கேட்டவர்கள். வந்தவர்கள் திருவரங்கத்தார் என்று அறிந்ததும் எம்பெருமானாரின் நலம் விசாரித்து, தீ மூட்டிக் குளிர் போக்கி, தேனும் தினைமாவும் அளித்தனர். அப்பால் சென்றடைந்த இல்லமோ அக்கொங்குப் பிராட்டியாருடையது! வெள்ளாடையில் இருந்தவரை அவர் உடனே அறிந்திலர். திருவடிகளை நோக்கியே தெரிந்துகொண்டார் என்று குருபரம்பரை கூறும். அடியார் அனைவர்க்கும் அவர் கையால் அமுது கிடைத்தது.

உடையவர் திருவரங்க வீதியில் நின்று விடையளித்தது கைம்மாறு கருதியன்று. ஆயினும் தாமே வழிப்போக்கராய் நின்ற நாளில் அப்பரிவு அன்னமாய் எதிர்வந்தது. வேடர்களின் உபசாரமும், அவர்களுக்கு நல்வார்த்தை சொன்ன ஆசார்யனின் பெருமையையே காட்டிற்று.

உத்ஸவ காலத்தில் நம் ஊருக்கும் தூரதேசத்து அடியார்கள் வருகின்றனர். திருமஞ்சனமும் அலங்காரமும் குறைவற நடக்கலாம். ஆனால் வரிசையில் தளர்ந்து நிற்கும் முதியவரைக் கடிந்து பேசினால், பெருமாள் திருநாமத்தோடு அக்கடுஞ்சொல்லும் அவர் ஊருக்குப் போகும். பகவதபசாரத்தினும் பாகவதாபசாரம் கொடியது என்பது பூர்வாசார்யர்களின் நிர்ணயம். அர்ச்சகர், பரிசாரகர், கடைக்காரர், வண்டி ஓட்டுவோர் யாவர்க்கும் இது பொதுவானது. தாகத்துக்கு நீர்மோர் அளிப்பதும், சந்நிதிக்கு வழிகாட்டுவதும், கடைசிப் பேருந்தின் நேரம் சொல்லி அனுப்புவதும் கைங்கர்யமே. தேரின் வடம் பிடிக்கும் கைகள் இவற்றையும் செய்யுமாறு திவ்ய தம்பதிகள் அருள்வார்களாக.

சுபம்.