சதமானமும் சேமிப்பும்: கல்லூரி இடம் கிடைக்குமா என்று கணிப்பது எப்படி?

பிப்ரவரி மாதத்தில் ஜே.இ.இ. மெயின் முதல் அமர்வின் முடிவுகள் வெளியானதும், வங்கிக் கிளைகளில் ஒரு குறிப்பிட்ட வகை விசாரணை தொடங்கிவிடும். மார்ச்சில் முதிர்வடையும் வைப்புத்தொகையை ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாமா, கையில் வைத்துக்கொள்ளலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேள்வி வைப்புத்தொகையைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பதைப் பற்றியது.

மும்பையில் நான் பணிபுரிந்த கிளைக்கு அவ்வாறு வந்தவர் ஒருவர். சொந்த ஊர் தஞ்சைப் பக்கம்; இருபது ஆண்டுகளாக மும்பைவாசி. மகளும் உடன் வந்திருந்தாள். “பொண்ணு தொண்ணூற்றேழு புள்ளி ஆறு எடுத்திருக்கிறாள் சார். திருச்சி என்.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் சயன்ஸ் உறுதி. நம் மாநிலத்துக்குத்தான் பாதி இடமாமே?” என்றார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசிய அந்த மூன்று வாக்கியங்களுக்குள் இரண்டு தவறுகள் இருந்தன. படித்த, கணக்கில் தேர்ந்த பெற்றோரும் செய்யும் தவறுகள் அவை.

முதலாவது, சதமானத்தை மதிப்பெண் சதவீதமாக எண்ணுவது. தேசியத் தேர்வு முகமை வழங்கும் 97.6 என்ற எண் நூற்றுக்கு எடுத்த மதிப்பெண் அன்று. அந்த வேளையில் தேர்வெழுதியவர்களுள் 97.6 சதவீதத்தினர் அம்மாணவியின் மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றிருக்கிறார்கள் என்பதே அதன் பொருள். எனவே அவளுக்கு மேல் 2.4 சதவீதத்தினர் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் இரு அமர்வுகளிலும் சேர்த்துத் தேர்வெழுதியோர் ஏறத்தாழ 14.15 லட்சம். அதில் 2.4 சதவீதம் என்பது சுமார் 34,000. பள்ளியில் தொண்ணூற்றேழு மதிப்பெண் என்றால் வகுப்பில் முதல் மூவருள் ஒருவர். இங்கே முப்பத்து நான்காயிரத்துக்கு அருகில் ஒருவர். 99 சதமானம் பெற்றவரும் 14,000ஐ ஒட்டிய தரவரிசையிலேயே நிற்பார். நூறை நெருங்க நெருங்க, தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களே விதியைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கணக்கு எளியது: நூறிலிருந்து சதமானத்தைக் கழித்து, மொத்தத் தேர்வர் எண்ணிக்கையால் பெருக்கி, நூறால் வகுக்க வேண்டும். எனினும் முதல் அமர்வுக்குப் பின் கிடைக்கும் விடை சற்று நம்பிக்கை மிகுந்த விடை என்பதை நினைவிற்கொள்க. ஏப்ரலில் இரண்டாம் அமர்வு உண்டு. இரண்டில் சிறந்ததே ஏற்கப்படும். மற்றவர்கள் முன்னேறும்போது, நின்ற இடத்திலேயே நிற்பவரின் தரவரிசை சற்றே பின்னுக்குப் போகும். இரண்டாம் அமர்வின் முடிவோடு அகில இந்தியத் தரவரிசையையே முகமை வெளியிட்டுவிடுவதால், அதன்பின் இந்தக் கணக்கு தேவைப்படாது.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கு என்பது உண்மை. ஆனால் இங்கே ‘சொந்த மாநிலம்’ என்பது பூர்வீகத்தையோ தாய்மொழியையோ ஆதார் முகவரியையோ குறிப்பதன்று. மாணவர் பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்துப் பள்ளியில் படித்துத் தேறுகிறாரோ அதுவே அவரது மாநிலம். மும்பையில் பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் தஞ்சைப் பெண்ணுக்குச் சொந்த மாநிலக் கல்லூரி நாகபுரியில் உள்ள என்.ஐ.டி. திருச்சியில் அவள் வெளிமாநிலத்தவள். பெங்களூரிலும் தில்லியிலும் ஐதராபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இதைக் கலந்தாய்வு நாளில் அறிந்து திகைப்பதை நான் கண்டிருக்கிறேன். ஐ.ஐ.டி.களில் மாநில ஒதுக்கீடே இல்லை.

அந்தத் தந்தையிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடியது. மகள் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். அதே கணக்கு, அதே 34,000, நாகபுரி என்று எழுதிக் கீழ்க்கோடிட்ட ஒரு வரி. வீட்டில் சொல்லத் தயங்கியிருக்கிறாள்.

தரவரிசை கையில் இருந்தால், அடுத்து அதை எதனோடு ஒப்பிடுவது? ஜோசா எனப்படும் கூட்டு இட ஒதுக்கீட்டு ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தொடக்கத் தரவரிசையையும் இறுதித் தரவரிசையையும் சுற்றுவாரியாக வெளியிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் இந்த அட்டவணையைவிடச் சிறந்த சோதிடர் வேறு எவரும் இல்லை. ஆனால் இதைப் படிப்பதற்கும் முறை உண்டு.

மெயின் தேர்வின் தரவரிசையை என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. பட்டியல்களோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், ஐ.ஐ.டி. பட்டியலில் உள்ளவை அட்வான்ஸ்டு தேர்வின் தரவரிசைகள். பொதுப் பிரிவுக்கான எண்கள் பொதுத் தரவரிசையைக் குறிப்பவை. பிற பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர், பட்டியல் இனத்தார், பழங்குடியினர் ஆகியோருக்கான எண்கள் அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே கணக்கிடப்பட்ட தரவரிசைகள். தன் பொதுத் தரவரிசையைப் பிரிவுப் பட்டியலோடு ஒப்பிட்டு, ‘நமக்கு எங்குமே கிடைக்காது’ என்று மனம் உடைந்த குடும்பங்கள் உண்டு. அட்டவணை அவர்களுக்கு எதிராக இருக்கவில்லை. அவர்கள் தவறான வரியைப் படித்திருந்தார்கள். மாணவியர்க்கு மட்டுமான இடங்களுக்குத் தனி வரி உண்டு. அதன் இறுதித் தரவரிசை பெரும்பாலும் தளர்வானது. பெண் பிள்ளைகளின் பெற்றோர் அதையே முதலில் பார்க்க வேண்டும்.

ஓராண்டின் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. மூன்றாண்டுகளின் கடைசிச் சுற்று எண்களை எடுத்து, அவற்றுள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் குறித்துக்கொள்ளலாம். பிள்ளையின் தரவரிசை மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ளே இருந்தால் வாய்ப்பு வலுவானது. இரண்டுக்கும் இடையில் இருந்தால் ஐயத்துக்குரியது. மிகப் பெரிய எண்ணையும் தாண்டியிருந்தால் அது விருப்பம் மட்டுமே. கடன் விண்ணப்பத்தை ஆராயும்போது நாங்கள் ஒரே ஆண்டின் வருமானத்தை நம்புவதில்லை. ஏறியும் இறங்கியும் வந்த சில ஆண்டுகளைப் பார்ப்போம். அதே பழக்கம் இங்கும் பயன்படும்.

மொத்த எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படும் கணக்கால் எவருக்கும் பயனில்லை. 2024இல் ஐ.ஐ.டி.களில் இருந்த இடங்கள் 17,740, அதை 14.15 லட்சத்தால் வகுத்தால் நூற்றுக்கு ஒன்றேகால் வரும். ‘வாய்ப்பு ஒன்றேகால் சதவீதம்தான்’ என்று பிள்ளையை அச்சுறுத்துவதும் தவறு. அந்த எண் எந்த ஒரு பிள்ளைக்கும் உரியதன்று. அட்வான்ஸ்டு தேர்வுக்கு முதல் இரண்டரை லட்சம் பேரே அனுமதிக்கப்படுகிறார்கள். 2024இல் அதன் இரு தாள்களையும் எழுதியோர் 1,80,200; தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றோர் 48,248. ஒவ்வொரு படியிலும் கூட்டம் குறைகிறது. பிள்ளை இன்று எந்தப் படியில் நிற்கிறாள் என்பதை அறிந்த பிறகே வாய்ப்பைப் பேச முடியும். அதற்கு மாதிரித் தேர்வுகளே சான்று. அண்மைய ஆறு மாதிரித் தேர்வுகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் மதிப்பெண்ணைப் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் நினைவிருப்பது மிகச் சிறந்த அந்த ஒரு தேர்வு. தேர்வு அறைக்குச் செல்வது பெரும்பாலும் நடுவில் நிற்பதுதான்.

பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத் தாளில் நூறு முகங்கள் சிரிக்கும். எத்தனை பேர் சேர்ந்து அந்த நூறு பேர் தேறினர் என்ற வகுக்கும் எண் அங்கே இருக்காது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சித் துறையின் தவறான விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளையே வெளியிட வேண்டியதாயிற்று. மறு ஆண்டுப் பயிற்சிக்காக வைப்புத்தொகையை உடைக்கும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறை மட்டுமே எழுத முடியும் என்பதையும் மறக்கலாகாது.

எண்களெல்லாம் சரியாக இருந்தும் இடம் நழுவுவது சான்றிதழ்களால். பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம், அல்லது அந்தந்த வாரியத்தில் முதல் இருபது சதமானத்துக்குள் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தார், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 65 சதவீதம். நுழைவுத் தேர்வில் ஆழ்ந்து பள்ளித் தேர்வைக் கைவிடும் பிள்ளைகளுக்கு இது ஒரு பள்ளம். பிற்படுத்தப்பட்டோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் சான்றிதழ்கள் சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1ஆம் தேதிக்குப் பின் பெற்றவையாகவும் மத்திய அரசின் படிவத்திலும் இருக்க வேண்டும். மாநிலச் சான்றிதழ் செல்லாது.

இனிப் பணம். வாய்ப்பு இன்னும் ஐயத்துக்குரியதாக இருக்கும் காலத்தில், முழுத் தொகையையும் ஒரே வைப்பாக நீண்ட காலத்துக்கு முடக்க வேண்டாம். இடையில் முடித்தால் வட்டியில் குறைப்பு உண்டு. இரண்டு மூன்று சிறு வைப்புகளாகப் பிரித்து, ஒன்றேனும் சூன் மாதத்தில் முதிர்வடையுமாறு அமைப்பது நலம். ஐ.ஐ.டி.களில் பொதுப் பிரிவினர்க்குக் கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழ் என்றால் முழு விலக்கு, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரு பங்கு விலக்கு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலிடப்பட்ட தரமான கல்வி நிறுவனங்களில் தகுதியின்படி இடம் பெற்றவர்க்குப் பிணையமோ உத்தரவாதமோ இன்றிக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளோர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஆகவே, தனியார் கல்லூரி ஒன்று ‘இந்த வாரமே முழுக் கட்டணம்’ என்று நெருக்கும்போது, அது எந்தப் பட்டியலில் உள்ளது, சேர்க்கை எந்த ஒதுக்கீட்டில் நடக்கிறது என்று கேட்டுவிட்டுக் கிளைக்கு வாருங்கள்.

விருப்பப் பட்டியலை நிரப்புவதைப் பற்றி ஒரு சொல். எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டும் கல்லூரி கைநழுவும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஜோசாவின் ஒதுக்கீட்டு முறையில் அப்படி இல்லை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் கணினி அடுத்ததைப் பார்க்கும். கீழே இருப்பதற்கான உரிமை குறைவதில்லை. உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுதலாம்; ஐயத்துக்குரியவற்றையும் உறுதியானவற்றையும் கீழே ஏராளமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று தந்தை எட்டு லட்சத்தை மூன்று வைப்புகளாகப் பிரித்துக்கொண்டார். சூன் மாதத்தில் மகள் மட்டும் தனியாக வந்து, அச்சிட்ட விருப்பப் பட்டியலைக் காட்டினாள். அறுபதுக்கு மேற்பட்ட வரிகள். முதல் வரியில் திருச்சி கம்ப்யூட்டர் சயன்ஸ் இருந்தது. “அப்பாவுக்காக” என்றாள். நாகபுரியின் பாடப்பிரிவுகள் அதற்கடுத்து, அவளுக்குப் பிடித்த வரிசையில் தொடங்கின.