மெசின் வாங்க முன்னர்

தெமட்டகொடையில் வாடகை அறையில் இருந்துகொண்டு இடியப்பம் அவித்து விற்றவர்கள், ஊருக்குத் திரும்பியதும் அதையே தொடரலாம் என்று நினைப்பது இயல்பு. அங்கே அது ஓடியதற்குக் காரணம் இருந்தது. ரயில் பணிமனைக்கும் பேஸ்லைன் வீதிக் கடைகளுக்கும் விடிய வேலைக்குப் போகிறவர்களுக்குச் சமைக்க நேரமில்லை. ஊரில் உங்கள் பக்கத்து வீட்டிலும் இடியப்ப உரல் இருக்கும். அவர்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும்?

எனவே வாழ்வாதார உதவிப் பணத்தைச் செலவழிக்க முன்னர், வாங்க ஆள் உண்டா என்று சிறிய அளவில் சோதித்துப் பாருங்கள்.

கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் கதை இதற்கு உதவும். 1998இல் திருமணமான பிறகு, மலிவான சுகாதாரத் துவாய் செய்ய முயன்றார். பஞ்சில் செய்த முதல் துவாயை மனைவியிடம் கொடுத்தார், அது சரிவரவில்லை. பிறகு மருத்துவக் கல்லூரி மாணவிகளுக்குக் கொடுத்து, கருத்து எழுதப் படிவமும் கொடுத்தார். திரும்ப வாங்கப் போனபோது, சிலர் மட்டும் இருந்து எல்லோருடைய படிவங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்! அதன்பின் ஆட்டு இரத்தம் நிரப்பிய பந்துப் பையைத் தானே கட்டிக்கொண்டு நடந்து சோதித்தார். கம்பனித் துவாயில் இருப்பது மரக்கூழ் நார் என்று அறியவே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. மெசினை உருவாக்கியது அதற்குப் பிறகுதான். 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அயலவர்கள் "நல்ல யோசனை, செய்யுங்கோ" என்று சொல்வதும் அந்தப் படிவம் போலத்தான். திரும்பி வந்த உங்கள் மனதை நோகடிக்க யாருக்கும் விருப்பமிராது. "நான் தைத்தால் தருவீர்களா?" என்று கேட்காதீர்கள். கடைசியாக எப்போது, எங்கே தைக்கக் கொடுத்தார்கள், கூலி எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு போனது என்று கேளுங்கள். உறவினரின் மெசினை இரண்டு கிழமைக்கு இரவல் வாங்கித் தைத்துப் பாருங்கள். சிறிய தொகையானாலும் முற்பணம் தருகிறவரையே வாடிக்கையாளராகக் கணக்கில் எடுங்கள். பாடசாலைச் சீருடை தைக்கும் காலத்தில் மட்டும் சோதித்தால் ஆண்டு முழுவதும் அப்படியே ஓடும் என்று தோன்றும். அதை நம்ப வேண்டாம்.

உங்கள் ஒழுங்கையில் ஏற்கெனவே எத்தனை வீட்டில் தையல் மெசின் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். உதவி அமைப்புகள் ஒரே கிராமத்தில் பலருக்கு ஒரே பொருளைக் கொடுத்துவிடுவதுண்டு.

சோதனையில் தொழில் சரிவராது என்று தெரிந்தால், பொருள் வாங்க முன்னரே கள உத்தியோகத்தரிடம் சொல்லி, வேறு தொழிலுக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.